பொதுப்பையும் சொந்த வீடும்: கிளாரன்ஸ் ஜார்டனின் வாழ்வு

ஊர்விலக்கம் இன்னதென்று இந்நாட்டின் சேரிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வசதியான வெள்ளையினக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், தம் சொந்த இனத்தாராலேயே அக்கொடுமைக்கு ஆளான வரலாறு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உண்டு. அவர் பெயர் கிளாரன்ஸ் ஜார்டன்.

1912இல் டால்பட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்களது வீட்டின் பின்புறம் சிறைச்சாலை இருந்தது. தேவாலய எழுப்புதல் கூட்டத்தில் உருகிப் பாடிய சிறை அதிகாரி, அன்றிரவே ஒரு கைதியை வதைத்த ஓலம் சிறுவன் ஜார்டனின் காதில் விழுந்தது. அந்தக் கிறிஸ்தவத்தின் மீது அவருக்குப் பிறந்த ஐயம் கடைசிவரை தீரவில்லை. 1933இல் வேளாண்மையில் பட்டம் பெற்றார். பின்னர் லூயிவில் நகரின் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முனைவரானார்.

ஆதிச் சபையார் தம் உடைமைகளை விற்று, யாவற்றையும் பொதுவாக வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பிரசங்கிகள் அதை அழகிய உவமைபோலக் கடந்துவிடுவர். ஜார்டன் அதை நடைமுறை விதியாகவே வாசித்தார். 1942இல் அவரும் மனைவி புளோரன்சும், பர்மாவில் மிஷனரிகளாக இருந்த மார்ட்டின், மேபல் இங்கிலாந்து தம்பதியரும் அமெரிக்கஸ் என்னும் ஊருக்கருகே 440 ஏக்கர் நிலத்தில் ஒரு பண்ணையைத் தொடங்கினர். ‘ஐக்கியம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குக் ‘கொய்னோனியா’ எனப் பெயரிட்டனர்.

முழு உறுப்பினராகச் சேர விரும்புவோர் தம் சொத்துகளை முன்னதாகவே துறந்துவிட வேண்டும். பண்ணையின் வருவாய் ஒரே பொதுப்பையில் சேரும். குடும்பங்கள் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு, நூலகத்தில் புத்தகம் தருவதுபோலக் கறவை மாடுகளை இரவல் தந்தனர். பால் வற்றியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை ஓட்டிச் செல்லலாம். இவற்றையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும். கறுப்பினத் தொழிலாளர்களும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. சமபந்தி எங்கே கசக்கும் என்பது நாம் அறிந்ததே.

1950இல் அவர்கள் ஆராதனைக்கு அழைத்துச் சென்ற விருந்தினர் ஒருவரைக் கறுப்பினத்தவர் எனக் கருதி உள்ளூர்த் திருச்சபை கொதித்தெழுந்தது. கொய்னோனியாவினரைச் சபையிலிருந்து நீக்கியது. அந்த விருந்தினர் இந்தியாவிலிருந்து வந்து அங்கே பயின்றுகொண்டிருந்த மாணவர்! 1956இல் கறுப்பின மாணவர் இருவர் அட்லாண்டாவிலிருந்த வெள்ளையர் கல்லூரியில் சேர விண்ணப்பிக்க ஜார்டன் துணைநின்றார். அதன்பின் சாலையோரக் கடைக்கு வெடி வைக்கப்பட்டது. இரவுகளில் பண்ணை வீடுகளை நோக்கித் துப்பாக்கிகள் சுட்டன. உரம், விதை, எரிபொருள் விற்க வணிகர்கள் மறுத்தனர், காப்பீடும் ரத்தானது. பண்ணையில் விளைந்தவற்றை வாங்க ஊரில் ஆளில்லாத நிலையில், பீக்கன் பருப்பை அஞ்சல்வழி தொலைதூர ஊர்களுக்கு விற்றுப் பிழைத்தனர்.

வழக்கறிஞராக என்னை உறுத்துவது 1957இல் நடந்த விசாரணை. கவுண்டியின் கிராண்ட் ஜூரி குண்டு வைத்தவர்களைத் தேடவில்லை. குண்டுக்கு இலக்கானவர்களையே கம்யூனிஸ்டுகள் என்றும், வன்முறையைத் தாமே நிகழ்த்திக்கொண்டவர்கள் என்றும் சந்தேகித்தது. தம் குடிசைக்குத் தாமே தீவைத்துக்கொண்டார்கள் என்று நம் வழக்குகளில் எதிர்த்தரப்பு எழுப்பும் வாதத்தைப் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 1960இல் ஜார்டனின் மகள் உட்படப் பண்ணைப் பிள்ளைகள் மூவரைச் சேர்க்க மேல்நிலைப் பள்ளி மறுத்தபோது, கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடித்தான் இடம்பெற வேண்டியிருந்தது.

எனினும் ஒரு குறையை மறைப்பது நேர்மையாகாது. முழு உறுப்பினரான கறுப்பினத்தவர் மிகச் சிலரே. அவர்கள்மீது பாய்ந்த அச்சுறுத்தல் ஒரு காரணம். மற்றொன்று, துறப்பதற்கு முதலில் ஏதேனும் கைவசம் இருக்க வேண்டும் என்பது. தலைமுறைகளாக நிலமறுக்கப்பட்டவரிடம் உடைமையைத் துறக்கச் சொல்வது, உடையவரிடம் சொல்வதற்கு நிகராகாது. ஏறத்தாழ அறுபது பேர் வாழ்ந்த பண்ணையில் 1960களில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே எஞ்சின.

ஜார்டன் அத்துடன் சோர்ந்துவிடவில்லை, வழியை மாற்றினார். அதுதான் அவர் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. 1968இல் மில்லார்ட் புல்லருடன் இணைந்து, பொதுப்பையை மானுட நிதியாக மாற்றியமைத்தார். பண்ணை நிலத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன. ஏழைக் குடும்பங்கள் வட்டியின்றி, இலாபமின்றி, மாதத் தவணையில் சொந்த வீடு பெறலாம். அத்தவணைப் பணம் அடுத்த வீட்டைக் கட்டும். துறவு என்பது உடையவருக்கு, உரிமை என்பது இல்லாதவருக்கு என்று கணக்கு திருத்தப்பட்டது. ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பு 1976இல் இவ்வேரிலிருந்து முளைத்தது.

1969 அக்டோபர் 29 அன்று, பண்ணையில் தாம் எழுதும் குடிலில் ஜார்டன் மாரடைப்பால் இறந்தார். இறப்பைப் பதிவு செய்ய உள்ளூர் அதிகாரி பண்ணைக்கு வர மறுத்ததால், புல்லரே உடலைக் காரில் ஏற்றி நகருக்குக் கொண்டு சென்றார். எளிய மரப்பெட்டியில் வைத்து, பெயர்க்கல் ஏதுமின்றிப் பண்ணையிலேயே புதைத்தனர். திட்டத்தின் முதல் வீடு அப்போது ஏறக்குறைய முடிந்திருந்தது. விரைவிலேயே ஒரு கறுப்பினக் குடும்பம் அதில் குடியேறித் தவணையைச் செலுத்தத் தொடங்கியது.