மருத்துவ மேதை இப்னு சீனாவின் வாழ்வும் வலி மருந்து தரும் எச்சரிக்கையும்

இஸ்லாமிய உலகம் தந்த மருத்துவர்களில் முதன்மையானவர் அபூ அலீ இப்னு சீனா. கி.பி. 980-இல் புகாரா அருகே அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார். 10 வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்தார். பதின்ம வயதிலேயே மருத்துவம் கற்று, ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூருக்குச் சிகிச்சை அளித்தார். அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது.

அவர் எழுதிய 'அல்கானூன் ஃபித் திப்' 5 பாகங்கள் கொண்டது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளில் பாடநூலாக இருந்தது. வலியைப் போக்கும் மருந்துகளில் மிக வலிமையானதாக அபினை அதில் குறிப்பிட்டார். ஆனால் அது வலிக்கான காரணத்தை நீக்குவதில்லை, உணர்வை மட்டுமே மரக்கச் செய்கிறது என்பதையும், அதனால் கேடு உண்டு என்பதையும் தெளிவாக எழுதினார்.

அவருடைய கடைசி நாட்களை மாணவர் ஜூஸ்ஜானி பதிவு செய்திருக்கிறார். போர்க்காலத்தில் இப்னு சீனாவைக் கடுமையான வயிற்று வலி தாக்கியது. படை பின்வாங்கினால் நோயோடு பயணம் செய்ய முடியாதே என்ற அவசரத்தில், ஒரே நாளில் 8 முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணாகி, வலிப்பும் வந்தது. எனிமாவில் 2 தானிக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். உடனிருந்த மருத்துவர் 5 திர்ஹம் எடை போட்டுவிட்டார். 6 தானிக் சேர்ந்தது ஒரு திர்ஹம். அதாவது 15 மடங்கு! அது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்று ஜூஸ்ஜானிக்கே தெரியவில்லை.

வலிப்புக்காக அவர் உண்டு வந்த கூட்டு மருந்தில், அவருடைய பணத்தைத் திருடியிருந்த பணியாளர் ஒருவர் அபினை அள்ளிப் போட்டார். அதையும் உண்டு, எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தளர்ந்தார். ஓரளவு தேறினாலும் நோய் விடவில்லை. ஒரு கட்டத்தில் சிகிச்சையை நிறுத்திவிட்டார். செல்வத்தை ஏழைகளுக்கு ஸதகா செய்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் நாட்களைக் கழித்தார் என்று இப்னு கல்லிக்கான் எழுதுகிறார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமளானில் ஹமதானில் மரணமடைந்தார்.

மருந்தின் அளவை உலகுக்குக் கற்றுத் தந்தவருக்கே, பிறர் கையால் அளவு மீறியது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

மார்ஃபின், கோடீன் ஆகியவை அபினிலிருந்து வருபவை. டிரமடால், ஃபென்டனில் போன்றவை அதே வகையில் செயற்கையாகச் செய்யப்படுபவை. புற்றுநோய் வலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இவை பெரும் நிவாரணம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயந்து மறுத்து வேதனைப்பட வேண்டியதில்லை. ஆனால் மலச்சிக்கல், வாந்தி, மயக்கம் வரலாம். நாளடைவில் உடல் இவற்றுக்குப் பழகிவிடும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகி உயிரே போகலாம். தூக்க மாத்திரை, மதுவுடன் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரை போய்க் காட்டி வாங்கிவந்த மாத்திரை மிஞ்சினால், மூட்டு வலிக்காரருக்கு எடுத்துக் கொடுப்பது உதவியல்ல. ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு விஷமாகலாம். வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நோன்பு காலத்தில் பகல் வேளை மாத்திரையையும் சேர்த்து நோன்பு திறந்ததும் இரட்டிப்பாக விழுங்காதீர்கள். நேரத்தை மாற்றித் தர மருத்துவரைக் கேளுங்கள். பல நாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். இதை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து உண்டு, தாமதம்தான் ஆபத்து.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.