குமிழைக் குறைத்து வைத்த கிதார் மன்னர்

1982-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி. சுவிட்சர்லாந்து தேசத்தில், ஜெனீவா ஏரிக் கரையில் உள்ள மோன்ட்ரூ நகரம். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சங்கீத விழாவில் ஓர் அமெரிக்க வாலிபர் மேடை ஏறினார். கிதாரை ஓங்கி மீட்டினார். மெல்லிய ப்ளூஸ் இசை கேட்க வந்திருந்த சபையில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டு ஏளனம் செய்தார்கள். சத்தம் அதிகம் என்பது அவர்களுடைய கோபம். வாலிபர் மனம் உடைந்து மேடையை விட்டு இறங்கினார்.

அவர்தான் ஸ்டீவி ரே வாகன். அன்று ஏளனத்துக்கு ஆளான அந்த ஒலியைத்தான் இன்று உலகெங்கும் கிதார் பழகும் இளைஞர்கள் தேடி அலைகிறார்கள். அந்த ஒலியில் காலால் மிதிக்கும் ஒரு சின்னஞ்சிறு பச்சைப் பெட்டிக்கும் பங்கு உண்டு. ஓவர்டிரைவ் பெடல் என்று அதற்குப் பெயர்.

அண்ணனே குரு

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டல்லாஸ் நகரில், 1954 அக்டோபர் 3-ந் தேதி வாகன் பிறந்தார். தகப்பனார் கல்நார் வேலை செய்யும் தொழிலாளி. குடித்துவிட்டால் முரடர். அவருக்குப் பயந்து பயந்து வளர்ந்த பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தது அண்ணன் ஜிம்மியின் கிதார். 7 வயதில் தம்பிக்கும் ஒரு பொம்மைக் கிதார் கிடைத்தது. ஸ்வரம் எழுதிப் படிக்கக் கற்றவர் அல்லர் அவர். இசைத்தட்டில் கேட்டதை விரலில் பிடித்தார். 17 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆஸ்டின் நகருக்குப் போய்விட்டார்.

அங்கே மது விடுதிகளிலும் கிளப்புகளிலும் வாசித்துப் பிழைப்பு நடந்தது. 1978-ல் டபிள் டிரபிள் என்ற கோஷ்டி உருவாயிற்று. அவர் கையில் இருந்தது வர்ணம் உரிந்து மரம் தெரியும் பழைய பெண்டர் கிதார். நம்பர் ஒன் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதில் பூட்டிய தந்திகளோ அசாத்தியத் தடிப்பு! முதல் தந்தியே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு கனம். 9 அல்லது 10 பங்கு இருந்தால் மற்றவர்களுக்குப் போதும். அந்தத் தந்தியை இழுத்து வளைத்து வாசித்ததில் விரல் நுனி பிய்ந்துவிடும். பசை போட்டுத் தோலை ஒட்டிக்கொண்டு மறுபடியும் வாசிப்பார்.

பச்சைப் பெட்டி

பெடலுக்கு வருவோம். 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து ஐபனெஸ் என்ற பெயரில் ட்யூப் ஸ்க்ரீமர் வெளிவந்தது. கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே ஒரு 9 வோல்ட் பாட்டரி. மேலே டிரைவ், டோன், லெவல் என மூன்று குமிழ்கள்.

பழைய வால்வு ரேடியோவை அளவுக்கு மீறித் திருகினால் குரல் கரகரக்கும் அல்லவா? வால்வு தாங்குவதற்கு மேல் மின் அலை வந்தால் அலையின் உச்சி மழுங்கிவிடுகிறது. மழுங்கும்போது மூல ஸ்வரத்தோடு மேல் ஸ்வரங்கள் பல சேர்ந்து ஒலிக்கின்றன. ரேடியோவில் அது குற்றம். கிதாரில் அதுவே அழகு! நூலை நகர்த்தித் தம்புராவுக்கு ஜீவா பிடிப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இந்தப் பெட்டிக்குள்ளும் டயோடுகள் அலையின் உச்சியை மழுக்குகின்றன. கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைத்து, நடு ஸ்தாயியை எடுத்துக் காட்டுவதும் அதன் குணம். டிரம்ஸ் முழக்கத்தின் நடுவிலும் கிதார் தனியே கேட்பதற்கு அதுதான் காரணம்.

புதிதாக வாங்குகிறவர் என்ன செய்கிறார்? டிரைவ் குமிழைக் கடைசி வரை திருகிவிடுகிறார். இரைச்சல் வருகிறது. ஸ்வரம் தொலைகிறது. வாகனின் முறை இதற்கு நேர்மாறு. முதலில் பெடலைத் தொடாமலே, வால்வுகள் கரகரக்கத் தொடங்கும் தறுவாய் வரை ஆம்ப்ளிபையரை ஏற்றுவார். பிறகுதான் பெடல். அதில் டிரைவ் குறைவு, லெவல் அதிகம். ஆகவே, கரகரப்பில் பெரும் பங்கு பெட்டியினுடையது அல்ல. பெட்டி மின் அலையைப் பெரிதாக்கி உள்ளே தள்ளுகிறது. வால்வுகள் திணறிக்கொண்டு பாடுகின்றன. டோன் குமிழை நடுவில் வைத்து, காதுக்கு ஏற்றபடி இப்படியும் அப்படியும் நகர்த்தினால் போதும்.

இப்படி வைத்தால் மெல்ல மீட்டும்போது ஒலி தெளிவாக இருக்கும். ஓங்கி மீட்டினால் உறுமும். கிதாரில் உள்ள குமிழைச் சற்றுக் குறைத்தாலும் உறுமல் அடங்கிவிடும். கடிவாளம் விரலிடம் இருக்கிறது! டிரைவை முழுவதும் ஏற்றியவருக்கு மெல்ல மீட்டினாலும் ஒன்றுதான், ஓங்கி மீட்டினாலும் ஒன்றுதான். வீட்டில் சிறு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அவர் டிரைவைக் கொஞ்சம் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஏறுமுகம்

மோன்ட்ரூவில் எல்லோருமே ஏளனம் செய்யவில்லை. அங்கே அவர் வாசிப்பைக் கேட்டு வியந்தவர்களில் பாடகர்கள் டேவிட் போவியும் ஜாக்ஸன் பிரௌனும் இருந்தார்கள். போவி தம் லெட்ஸ் டான்ஸ் இசைத்தட்டில் வாசிக்க அழைத்தார். பிரௌன் தம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தை இலவசமாகத் திறந்துவிட்டார். 1982 நவம்பரில் அங்கே சில நாட்களில் பதிவானதுதான் 1983-ல் வெளிவந்த டெக்ஸாஸ் ப்ளட். வாகன் ஒரே தூக்கில் உயரே போனார். 1985-ல் அதே மோன்ட்ரூ மேடைக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது கரகோஷம்.

ஆனால் பெட்டியின் குமிழைக் குறைக்கத் தெரிந்தவருக்குத் தம் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கத் தெரியவில்லை. மதுவில் கொக்கெயின் போதைப்பொருளைக் கரைத்துக் குடித்தார். வயிறு புண்ணாயிற்று. 1986 ஆகஸ்டு 27-ந் தேதி தகப்பனார் காலமானார். அடுத்த மாதம், ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாபன் நகரில் மகன் ரத்த வாந்தி எடுத்துச் சாய்ந்தார். கச்சேரிகள் நின்றன. அமெரிக்கா திரும்பி, அட்லாண்டாவில் ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார்.

போதை போனால் வாசிப்பும் போய்விடுமா? போகவில்லை. 1989-ல் வெளிவந்த இன் ஸ்டெப் அவருக்கு கிராமி பரிசைத் தேடித் தந்தது. மேடையில் நின்று, தாம் பட்ட பாட்டை ரசிகர்களுக்கு எடுத்துச் சொல்லவும் அவர் கூசவில்லை. சாகும் வரை மறுபடி குடிக்கவும் இல்லை. கிதார் வாசிப்பைவிட இதுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1990 ஆகஸ்டு 26-ந் தேதி இரவு. விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஆல்பைன் வேலி என்ற இடத்தில் கச்சேரி. எரிக் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் கிரே, அண்ணன் ஜிம்மி, இவர் என எல்லோரும் கடைசியில் ஒன்றாக நின்று வாசித்தார்கள். நள்ளிரவுக்குப் பின் மூடுபனி. சிகாகோவுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டரில் வாகன் ஏறினார். கிளம்பிய சிறிது நேரத்தில் அது குன்றின்மேல் மோதியது. உள்ளே இருந்த 5 பேரும் மாண்டார்கள். வாகனுக்கு வயது 35. பொழுது விடிந்தபோது ஆகஸ்டு 27. தகப்பனார் இறந்து சரியாக 4 ஆண்டுகள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாசித்த பேமிலி ஸ்டைல் என்ற இசைத்தட்டு அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. அடுத்த மாதம் கடைகளுக்கு வந்தது.