பசியை அறிந்த முதலமைச்சர்

நம்ம விருதுநகரில் 1903 ஜூலை 15-ல் பிறந்தவர் காமராஜர். சின்ன வயசிலேயே தகப்பனை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். விடுதலைப் போராட்டத்தில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறையில் இருந்தார்.

1954-ல் முதலமைச்சரானார். 1957-லும் 1962-லும் நம்ம பக்கத்து சாத்தூர்த் தொகுதிதான் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கூடம் வராது என்று அவருக்குத் தெரியும். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரசுப் பணத்தோடு ஊர் ஜனங்கள் கொடுத்ததும் சேர்ந்து உலை கொதித்தது. மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்தன. புதுசாகவும் பல வந்தன.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கட்சிப் பணிக்காக 1963-ல் தாமாகவே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1975 அக்டோபர் 2-ல் மரித்தபோது சென்னையில் குடியிருந்தது வாடகை வீடுதான்.

பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டப் போன காலம் தாயில்பட்டி பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத்தான் அவர் சோறும் எழுத்தும் கொடுத்தார். சபையிலும் ஊரிலும் முன்னால் நிற்கிற நாம், பசியோடு பின்னால் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறோமா? சிந்திப்போம்.