புதுக்கோட்டை தந்த புதுமைப் பெண் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி



காலை எட்டு மணி பஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்கி, டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பெண்கள் பாட்டுக்கு வகுப்புக்குள் நுழைகிறோம். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. இதே புதுக்கோட்டையில், 1900களின் தொடக்கத்தில், ஒரே ஒரு பெண் கல்லூரிக்குப் போனார். அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவில் திரை கட்டினார்கள்! அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவர்தான் முத்துலெட்சுமி.

பிறந்தது 1886 ஜூலை 30. தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து ஊர்வாய்க்கு இது ஒன்று போதாதா? எவ்வளவு பேச்சு கேட்டிருப்பார்கள் அந்தத் தாயும் மகளும்! வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரிக்கு (இன்றைய மன்னர் கல்லூரிதான்) விண்ணப்பம் போட்டபோது, ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கச் சொன்னார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பதக்கங்களோடு டாக்டர் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பணிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தாராம். 1914இல்!

இவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் முதல் பெண், முதல் பெண் என்று ஒரு பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் எனக்கு மனதில் தைத்தது வேறு. 1920களின் தொடக்கத்தில் இவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோனார். அக்கா பெரிய டாக்டர், வீட்டுக்காரரும் டாக்டர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஏன் முடியாமல் போகிறது இந்த நோயில்? எதிர்வீட்டு அக்கா நர்சிங் படிக்கிறார். அவருடைய உடற்கூறு புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சிவில் மாணவிக்குப் புரியாத விஷயமே இல்லை அது. நம்ம வாட்டர் சப்ளை, டிரெயினேஜ் பாடம்தான், உடம்புக்குள்ளே!

சப்ளை லைன் முதலில். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி மெயின் பைப் மாதிரி. அதிலிருந்து உணவுப் பாதைக்கு மூன்று கிளை பிரிகிறது. முதல் கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் பக்கம் போகிறது. இரண்டாவது கிளைக்குச் சிறுகுடல் முழுக்க வேலை, பெருங்குடலில் பாதிக்கு மேலும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது கிளை பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கும் மலக்குடலின் மேல்பாகத்துக்கும். மலக்குடலின் கீழ்ப்பாகத்துக்கு இடுப்புத் தமனியிலிருந்து தனி லைன்.

திரும்பிப் போகும் லைன்தான் விசேஷம். கை காலிலிருந்து வரும் அழுக்கு ரத்தம் நேராக இதயத்துக்குப் போய்விடும். குடலிலிருந்து வரும் ரத்தம் அப்படிப் போகாது. இரைப்பை, குடல், மண்ணீரல் எல்லாவற்றின் சிரைகளும் கணையத்துக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயாகிக் கல்லீரலுக்குள் நுழைகின்றன. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாக வருவது. தின்ற சோற்றின் சத்து, மருந்து, விஷம், எதுவானாலும் பெரும்பாலும் அந்த செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் உடம்புக்குள் போகவேண்டும். எவ்வளவு அழகான டிசைன்!

ஆனால் குடலில் புற்றுநோய் வந்தால் அதே டிசைன் எமனாகிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் சிரைக்குள் நழுவினால், ரத்தத்தோடு போய் இறங்கும் முதல் இடம் கல்லீரல். மலக்குடலோ இரண்டு லைனும் சந்திக்கிற ஜங்ஷன். அதன் மேல்பாகத்து ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு. கீழ்ப்பாகத்து ரத்தம் இடுப்புச் சிரை வழியாகக் கீழ்ப்பெருஞ்சிரைக்கு, அங்கிருந்து இதயம், பிறகு நுரையீரல். அதனால் கீழே வந்த கட்டி கல்லீரலைத் தொடாமலே நுரையீரலுக்குப் போய்விடவும் கூடும். கட்டி சிறிதாக, இடம் விட்டு நகராமல் இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்தார்கள். விட்டால் பெரும்பாலும் கத்திக்கு எட்டாது.

இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் எங்க பெரியப்பா விஷயம் எனக்கு விளங்கியது. ஆலங்குடி பக்கம் எங்க ஊர். வெளிக்குப் போகையில் ரத்தம் படுகிறது என்பதை வெட்கத்தில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூலம்தான் என்று தானே முடிவு செய்துகொண்டு, ஒரு வருஷம் நாட்டு மருந்து தின்றார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, குடல் நோய்க்காரருக்குக் கல்லீரலில் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றார்கள். கொல்லைப்புறத்து நோய்க்கும் கல்லீரலுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று அப்பாயி என்னைத்தான் கேட்டார்கள், வீட்டில் படிக்கிறவள் நான் ஒருத்திதானே. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. ரத்தம் போவதெல்லாம் புற்றுநோய் இல்லை, மூலமாகவும் சீதபேதியாகவும் இருக்கலாம். ஆனால் அதை வெளியில் இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் சங்கதி.

முத்துலெட்சுமி அழுதுவிட்டு அதோடு நிற்கவில்லை. 1925இல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் சென்னை சட்டமன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினராகி, 1927இல் அதன் துணைத்தலைவரும் ஆனார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தாயார் பிறந்த குலத்தின் காயம் அது. சட்டம் முழுதாக நிறைவேறியது 1947இல்தான். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார்.

இத்தனைக்கும் நடுவில் தங்கையின் நோயை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். சாகப்போகிற நோயாளிக்கு எதற்குப் பணம் என்ற எண்ணம் அன்று பலருக்கு. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் அறுவைச் சிகிச்சை நிபுணராகி அம்மாவோடு சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபர் 10 அன்று அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று திறந்தார்கள். எத்தனை கட்டில் தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு! தங்கை இறந்து முப்பது வருஷம் கழித்து! அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆகிப் பேரன் பேத்தியைக் கொஞ்சுகிற வயசு.

1955இல் சாந்தா என்ற இளம் டாக்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 2021இல் இறக்கும்வரை அந்த மருத்துவமனையை விட்டு அவர் போகவே இல்லை. 1956இல் முத்துலெட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1957இல் கோபால்ட் கதிர் இயந்திரம் வந்தது. பன்னிரண்டு கட்டில் நூற்றுக்கணக்கில் பெருகியது. 1968 ஜூலை 22 அன்று முத்துலெட்சுமி காலமானார். எண்பத்திரண்டு முடிய எட்டு நாள் பாக்கி. அடையாறு ஆஸ்பத்திரி என்று சொன்னால் இன்றைக்கு எங்க ஊர் அப்பாயிக்கும் தெரியும். அதைக் கட்டியவர் நம்ம புதுக்கோட்டைக்காரர் என்பதை நான்தான் சொன்னேன்.