பயமும் சிறுகதையும்: எட்கர் ஆலன் போவின் சரிதம்

மனிதன் பயத்தை வெறுக்கிறான். ஆயினும் பயங்கரக் கதையென்றால் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறான். பேயென்பது பொய்யென்று பகலெல்லாம் வாதிப்பவனும், இரவில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு திகில் கதையின் கடைசி வரியைக் கண்ட பின்னரே படுக்கைக்குச் செல்கிறான். இந்த விந்தையின் காரணத்தை நன்கு உணர்ந்து எழுதியவர் அமெரிக்க ஆசிரியர் எட்கர் ஆலன் போ. பயத்தை அவர் புத்தகங்களில் கற்கவில்லை, வாழ்க்கையிலேயே கற்றார்.

1809-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக மேடையில் நடித்து ஜீவித்தவர்கள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாயார் 1811 டிசம்பரில் ரிச்மண்டு நகரில் காலமானார். மூன்று வயதும் நிரம்பாத அநாதைக் குழந்தையை அவ்வூர் வியாபாரி ஜான் ஆலன் என்பவர் வளர்த்தார். எனினும் சட்டப்படி சுவீகாரம் செய்துகொள்ளவில்லை. 1826-ல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் சேர்ந்த எட்கர், கைப்பணம் போதாமல் சூதாடிக் கடன்பட்டு, ஒரு வருஷத்திற்குள் படிப்பை விட்டார். அடுத்த வருஷம் பெயரை மாற்றிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். பின்னர்ச் சேர்ந்த வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து 1831-ல் நீக்கப்பட்டார். 1834-ல் இறந்த ஜான் ஆலன் தமது பெருஞ் செல்வத்தில் ஒரு காசும் அவருக்கு எழுதி வைக்கவில்லை.

இனிப் பேனாவைத் தவிர வேறு கதியில்லை. பேனாவுக்கோ அந்நாளில் அமெரிக்காவில் மதிப்பில்லை. அந்நிய ஆசிரியர்களின் நூலுரிமையை 1891 வரை அந்நாட்டுச் சட்டம் காக்கவில்லை. ஆங்கிலேய ஆசிரியர்களின் நாவல்களை இலவசமாக எடுத்து அச்சிட்டு விற்கக்கூடியபொழுது, சுதேச ஆசிரியனுக்குப் பணம் கொடுப்பானேன் என்று பிரசுரகர்த்தர்கள் எண்ணினர். சுதேச எழுத்தாளனுக்கு மிஞ்சிய அடைக்கலம் பத்திரிகைகளே. பத்திரிகைகளுக்கு வேண்டியது நீண்ட நாவலன்று, சிறிய கதை. இவ்வாறு வறுமையே போவைச் சிறுகதையின் வழியில் செலுத்தியது. 1833-ல் பால்டிமோர் பத்திரிகையொன்று அவருடைய கதைக்கு 50 டாலர் பரிசளித்தது.

1835-ல் ரிச்மண்டுப் பத்திரிகையொன்றில் அவர் எழுதிய 'பெரனீஸ்' என்ற கதை வெளிவந்தது. புதைத்த பெண்ணின் பற்களைப் பிடுங்கிவந்த பித்தனின் கதை அது. வாசகர்கள் அருவருப்படைந்து முறையிட்டனர். பத்திரிகையின் சொந்தக்காரருக்கு எழுதிய கடிதத்தில், கதை எல்லையை மீறும் நிலைக்கு வந்துவிட்டதென்பதைப் போ ஒப்புக்கொண்டார். ஆயினும் புகழ்பெற்ற பத்திரிகைகளெல்லாம் இத்தகைய கதைகளாலேயே புகழடைந்தன என்றும், ஜனங்கள் குறை கூறிக்கொண்டே வாங்கிப் படிப்பார்கள் என்றும் வாதித்தார். எனினும் அந்தக் கண்டனம் வீண்போகவில்லை. பிணத்தையும் பல்லையும் காட்டிப் பயமுறுத்துவது எளிது. அதைவிட ஆழமான பயம் எங்கே இருக்கிறதென்று அவர் தேடத் தொடங்கினார்.

1840-ம் வருஷத் தேதியிட்டு அவருடைய கதைத் தொகுதி இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியருக்குக் கிடைத்த ஊதியம் சில பிரதிகள் மாத்திரமே. ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் பின்பற்றுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அதன் முன்னுரையில் அவர் பதில் கூறினார். தாம் காட்டும் பயங்கரம் எந்தத் தேசத்துச் சரக்குமல்ல, மனித ஆத்மாவில் பிறப்பது என்பதே அப்பதிலின் சாரம். 1842-ல் ஹாதார்ன் என்ற ஆசிரியரின் கதைகளை மதிப்பிடுகையில், சிறுகதையை ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே உணர்ச்சியை நோக்கிச் செல்ல வேண்டும் என்ற விதியை வகுத்தார். அந்த ஒரு மணி நேரம் வாசகனுடைய உள்ளம் ஆசிரியனுக்கு வசமாயிருக்கும். இடையில் உலகக் கவலை புகுந்தால் மயக்கம் கலைந்துவிடும்.

இவ்விதி மற்றக் கதைகளைக் காட்டிலும் பயங்கரக் கதைக்கே பெரிதும் பொருந்துவதாகும். சிரிப்பும் சோகமும் பல நாள் நீடிக்கலாம். திகில் நீடித்தால் சலித்துவிடும். 1843-ல் வெளிவந்த 'காட்டிக்கொடுக்கும் இதயம்' என்ற கதை சில பக்கங்களே கொண்டது. கிழவனைக் கொன்று தரையின் கீழ் மறைத்தவன், போலீஸார் எதிரில் அமர்ந்திருக்கையில், செத்தவனின் இதயம் துடிப்பதாகக் கேட்டுத் தானே குற்றத்தைக் கக்கிவிடுகிறான். அதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. குற்றவாளியின் நெஞ்சே அவனுக்குப் பேயாகிறது.

இக்கதைகளை எழுதிய இல்லத்தில் உண்மையான பயம் குடியிருந்தது. 1836-ல் அவர் மணந்தபொழுது மனைவி வர்ஜீனியாவுக்கு வயது 13. 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்த அப்பெண்ணின் வாயிலிருந்து ரத்தம் வந்தது, க்ஷயரோகம் வெளிப்பட்டது. அவ்வருஷம் மே மாதத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்ட அரசனிடம் அந்நோயே விருந்தாளியாக வந்து நிற்கும் கதை வெளியாயிற்று. ஐந்து வருஷங்கள் நோயுடன் போராடி, 1847 ஜனவரியில் வர்ஜீனியா இறந்தாள். 1849 அக்டோபரில் போ பால்டிமோர் நகரில் நினைவு தடுமாறிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு, 7-ந் தேதி தமது 40-வது வயதில் மாண்டார். மரணத்தின் காரணம் இன்றுவரை நிர்ணயமாகவில்லை.

அவர் இறந்ததும் கிரிஸ்வோல்ட் என்பவர் அவரை ஒழுக்கங்கெட்டவராகச் சித்திரித்து எழுதினார். அதற்காகக் கடிதங்களையும் திருத்திப் புனைந்தார் என்பது பின்னர் அம்பலமாயிற்று. அவதூறு நூல்களை அழிக்கவில்லை. பிரெஞ்சுக் கவி போத்லேர் அக்கதைகளைத் தம் பாஷையில் பெயர்த்தார். ஜப்பானிய ஆசிரியரொருவர் போவின் பெயரையே எடோகாவா ரம்போ என்று திரித்துத் தமக்குப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டார்.

பயங்கரக் கதை கீழ்த்தர ருசி என்று ஒதுக்குவோர் இன்றும் உளர். ரத்தத்தையும் பிணத்தையும் மட்டும் காட்டும் கதைக்கு அக்கண்டனம் தகும். ஆனால் வாழ்க்கையில் வரும் பயத்துக்கு முடிவு எப்பொழுதென்று யாருக்கும் தெரியாது. நோயாளியின் படுக்கையருகே ஐந்து வருஷம் அமர்ந்திருந்த போவுக்கும் தெரியவில்லை. கதையில் வரும் பயமோ கடைசி வரியில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறிது நேரத்தில் வாசகன் தன் நெஞ்சில் ஒளிந்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகிறான். அதற்காகவே அவன் காசு கொடுக்கிறான்.