அமெரிக்கப் பள்ளிகளின் இனப் பாகுபாட்டை உடைக்கத் திட்டம் போட்ட சார்ல்ஸ் ஹூஸ்டன் யார்?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பது செல்லாது என்ற 1954-ன் பிரவுன் வழக்குத் தீர்ப்பைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அதில் வாதாடி ஜெயித்த தர்குட் மார்ஷலின் பெயரும் தெரிந்திருக்கும். அந்த மார்ஷலுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரைத் தெரியுமா?

சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1895-ல் வாஷிங்டனில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக பிரான்ஸ் போனவர், அங்கே சொந்த நாட்டு வெள்ளையினப் படையினரிடமே அவமானப்பட்டார். திரும்பி வந்து ஹார்வர்டில் சட்டம் படித்தார். 1929-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பு கைக்கு வந்ததும், மாலை வகுப்புகளை நிறுத்திவிட்டு அதை முழுநேரக் கல்லூரியாக்கினார். கடுமையான வாத்தியார்.

சரி, பிரிவினையே தப்புன்னு நேரா கேஸ் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 1896-ல் ஒரு ரயில் பெட்டி வழக்கில், வசதி சமமாக இருந்தால் தனித்தனியாக வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. ஹூஸ்டன் அந்தத் தீர்ப்பையே கையில் எடுத்தார். அப்படியானால் சமமான வசதி எங்கே என்று கேட்டார். தென் கரோலினாவுக்கு மூவி கேமராவோடு போய், கறுப்பினப் பள்ளிகளின் நிலையைப் படம்பிடித்தார்.

முதலில் குறிவைத்தது சட்டக் கல்லூரிகளை. ஆரம்பப் பள்ளியில் கைவைத்தால் எதிர்ப்பு பயங்கரமாக இருக்கும். மேற்படிப்பில் மாணவர்களோ கொஞ்சம் பேர். ஒரே ஒரு மாணவருக்காகத் தனிச் சட்டக் கல்லூரி கட்ட எந்த மாகாணத்துக்கு மனசு வரும்? தவிர, நல்ல சட்டக் கல்லூரி எப்படி இருக்கும் என்பது நீதிபதிகளுக்கே தெரியும்.

திட்டம் வேலை செய்தது. மேரிலாந்து பல்கலைக்கழகம் டொனால்ட் முர்ரேயைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற உத்தரவை, 1936-ல் அந்த மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஹூஸ்டனோடு அந்த வழக்கில் நின்றவர் மார்ஷல். அடுத்தது மிசௌரி. லாயிட் கெய்ன்ஸ் வேறு மாகாணத்தில் படிக்கட்டும், ஃபீஸ் கட்டுகிறோம் என்றது அரசு. உள்ளூரிலேயே சமமான படிப்பு தர வேண்டும் என்று 1938-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிசௌரி அவசர அவசரமாக ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் தொடங்கப் பார்த்தது. அதையும் எதிர்த்து ஹூஸ்டன் தரப்பு மறுபடி கோர்ட்டுக்குப் போகத் தயாரானபோது கெய்ன்ஸ் இல்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் இருந்தவர் அப்படியே காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை. வாதி இல்லாமல் வழக்கு நின்றுபோனது. வழக்கறிஞர்கள் போட்ட திட்டத்தில், முன்னால் நின்றவர் ஒரு 28 வயதுப் பையன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஹூஸ்டன் ஓயவில்லை. 1940-களின் கடைசியில் வாஷிங்டனில் ஒரு முடிதிருத்துநரின் தலைமையில் கறுப்பினப் பெற்றோர் திரண்டு வந்தபோது, அவர்களுக்காகவும் வாதாடினார். நடுவில் மாரடைப்பு. வழக்கை ஹோவர்ட் பேராசிரியர் ஜேம்ஸ் நேப்ரிட்டிடம் ஒப்படைத்தார். இனி சமம் எங்கே என்று கேட்க வேண்டாம், பிரிவினையையே எதிர்ப்போம் என்று நேப்ரிட் களமிறங்கினார். 1950 ஏப்ரலில் ஹூஸ்டன் இறந்தபோது வயது 54. வாஷிங்டன் பெற்றோர் ஜெயித்தது 1954 மே 17 அன்று. பிரவுன் தீர்ப்பு வந்ததும் அதே நாள்தான்.