தங்கையின் மரணத்தில் பிறந்த மருத்துவமனை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் புற்றுநோய்க்கு எதிராக அவர் நடத்திய போராட்டம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், அம்மா சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரியில் அவர் சேரப்போனபோது ஊரே எதிர்த்தது. மன்னர் அனுமதி கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். 1927-இல் சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல் சட்டமானது.

இத்தனைக்கும் நடுவில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோனார். முதலில் அதை வெறும் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

எண்ணம் கட்டடமாவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையிலேயே தன் விருப்பத்தைச் சொன்னார். பிறகு இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு செயல்படத் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தாவும் வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

சரி, இன்று நிலைமை மாறிவிட்டதா? சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கோங்க. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். நம்ம வீட்டுப் பெண்கள் கேஸ் டிரபிள்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அறிகுறி இல்லாத எல்லாப் பெண்களையும் பரிசோதித்து முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இன்னும் இல்லை. அதனால் பலருக்கு நோய் வயிறு முழுக்கப் பரவிய பிறகே தெரிகிறது. தங்கையின் சீதபேதிக் கதைதான் இதுவும்.

இங்கேதான் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வுகள் வருகின்றன. நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் குறிப்பு சுமார் 2 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் குப்பை என்றார்கள். அதிலிருந்தும் ஆர்.என்.ஏ. உருவாகிறது. 200 எழுத்துகளுக்கு மேல் நீளமாக இருந்து, புரதம் செய்யாதவைதான் இந்த வகை.

அவற்றில் பல செய்கிற வேலையை நெல்லைக்காரர்களுக்கு ஈசியா சொல்லலாம். தாமிரபரணியில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளில் எந்தக் காலுக்கு எவ்வளவு தண்ணி என்று ஷட்டரைத் திறந்து மூடுவாங்கல்ல? அதுபோல எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கணும் என்பதை இவை கட்டுப்படுத்துகின்றன. ஹாட்ஏர் என்ற ஒன்று, மரபணுக்களை அடக்கும் புரதக் கூட்டத்தோடு சேர்ந்து ஷட்டரை மூடுகிறது. சினைப்பைக் கட்டிகளில் இது அதிகமாக இருந்தால் நோய் பரவும் வாய்ப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எச்19, மாலாட்1 ஆகியவையும் ஆய்வில் இருக்கின்றன. ரத்தத்தில் இவற்றை அளந்து நோயைச் சீக்கிரம் பிடிக்க முடியுமா என்று தேடுகிறார்கள். அது இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. தரவு, சென்சார், அல்காரிதம் என்று படிக்கும் நமக்கும் அங்கே வேலை இருக்கிறது.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அம்மாவோ, சித்தியோ, ஆச்சியோ சில வாரமாக வயிறு சரியில்லை என்று சொன்னால், கஷாயத்தோடு விட்டுவிடாதீங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் இருக்கும் மகளிர் மருத்துவரிடமோ கூட்டிட்டுப் போங்க. தன் தங்கைக்குக் கிடைக்காத அந்த நேரம் அடுத்தவர்களுக்குக் கிடைக்கணும் என்றுதான் முத்துலட்சுமி முப்பது ஆண்டுகள் உழைத்தார்.